பன்னிரண்டு தாள் பயில்வான்

ஒரு வருஷம் ஜனவரி மாதம் முழுவதும் நான் தண்டால் மட்டும் எடுத்தேன். பிப்ரவரி பிறந்ததும் தண்டாலை விட்டுவிட்டு, உட்கார்ந்து எழும் பஸ்கி மட்டும் போட்டேன். மார்ச்சில் வயிற்றுக்கு. ஏப்ரலில் தோளுக்கு. உடம்பை இப்படி மாதத் தவணையில் வளர்க்க முடியாது என்பது தெரியாமல் செய்திருந்தால், முட்டாள் என்று என்னை நானே மன்னித்துக்கொண்டு போயிருப்பேன். தெரிந்தே செய்தேன். இன்னும் சொல்லப்போனால், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சிவகாசி வட்டாரம் முழுக்கச் சுவரில் தொங்கிய காலண்டரை எழுதியவனே நான்தான்.

அந்தக் காலண்டரின் முதல் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே பளபளவென்று தகரப் பட்டை, நடுவில் ஆணியில் மாட்ட ஒரு வளையம். படத்தில் ஒரு பயில்வான் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார். சிவப்பு மை கொஞ்சம் தூக்கலாக ஓடிவிட்டதால் ஆள் வேகவைத்த இறால் நிறத்தில் இருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு தாமரைக் குளம், அதில் இரண்டு அன்னங்கள். எங்கள் ஓவியர் அதுவரை சரஸ்வதியையும் லட்சுமியையும் மட்டுமே எழுதிப் பழகியவர்; குளம் இல்லாமல் அவருக்குப் படம் வராது. பயில்வானின் முகத்தில்கூட வரம் கொடுக்கப் போகிற ஒரு களை இருந்தது. அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழைதிருத்துபவனாக இருந்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை, மற்ற ஆறு நாளும் தமிழ்நாட்டுக்கே ராகுகாலமும் எமகண்டமும் சரிபார்த்து அனுப்பினேன். தங்கியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உடம்பு என்று ஒன்று இருப்பதே சட்டை மாட்டுவதற்கு ஒரு கொக்கி வேண்டும் என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு காகிதக் கட்டு. அச்சகத்தில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கும் பகுதியில் பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வழியை மறித்துக் கிடந்த கட்டை நகர்த்தப்போய், தூக்கவும் முடியாமல், குனிந்தவன் நிமிரவும் முடியாமல், ஏதோ கீழே விழுந்த பேனாவைத் தேடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். பட்டை அடிக்கும் பெண் ஒருத்தி வந்து அந்தக் கட்டை அப்படியே இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க சார், நான் போற வேகத்துக் காத்துல விழுந்துறப் போறீக" என்றாள். குரலில் கேலி இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனாலேயே பகுதி முழுவதும் சிரித்தது. அன்று சாயங்காலம் நான் தேகப்பயிற்சிச் சாலையில் சேர்ந்தேன்.

சாலை என்று பெயரே தவிர, ரயில் பாதைக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை. வாசல் பலகையில் 'தேகப்பயிற்ச்சி' என்று எழுதியிருந்தது. பிழைதிருத்துகிறவன் என்ற முறையில் நான் அந்த ஒற்றுப்பிழையைப் பார்த்த உடனேயே திரும்பிப் போயிருக்க வேண்டும். உள்ளே ஒரு ஆள் உயரக் கண்ணாடி, நாலைந்து கர்லாக்கட்டை, எண்ணெய் வாடை. இரும்பு என்று இருந்தவை பெரும்பாலும் எங்கள் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவை. காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மிஷின்களின் சக்கரங்களைக் கழற்றி ஒரு கம்பியின் இரண்டு முனையிலும் கோத்திருந்தார்கள். சக்கரம் இரண்டும் ஒரே மிஷினுடையது அல்ல. அதனால் கம்பி எப்போதும் வலது பக்கம் சாயும். அங்கே பயின்றவர்கள் எல்லோருக்கும் இடது தோள் சற்றுத் தூக்கலாக இருந்ததன் காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சாலையின் தலைவர் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் லாரிக்கு லோடு ஏற்றும் மேஸ்திரி. எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நல்ல மனிதர். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே யோசனைதான் உண்டு: "இன்னொண்ணைப் போடுலே." கை நடுங்கினாலும் அதுதான், கண் இருண்டாலும் அதுதான். மற்றவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. புதிதாகச் சேருகிறவனைப் பார்த்தால் ஊரில் எல்லோருக்குள்ளும் ஒரு வைத்தியர் பிறந்துவிடுகிறார். பச்சை முட்டையை ஓட்டோடு ஒருவர் சிபாரிசு செய்தார். நடுவில் தண்ணீர் குடித்தால் சதை கரையும் என்றார் இன்னொருவர். ஒருவர் மூச்சை அடக்கச் சொன்னார். அவருடைய நண்பர் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். நான் படித்தவன் அல்லவா, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தேன்.

மறுநாள் காலை தலை வாரக் கை எழும்பவில்லை. அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். இட்லியை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வாயை இட்லிக்குக் கொண்டுபோனேன். எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் தினசரியைப் படித்துக்கொண்டிருந்தார், அவருக்கு எதுவும் தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மதினிதான் கேட்டார்: "கொழுந்தனாரே, நீங்க இரும்பைத் தூக்குனீகளா, இரும்பு ஒங்களைத் தூக்குச்சா?"

மதினி மிஷன் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். சென்னையில் தங்கிப் படித்து அதற்கென்று சான்றிதழ் வாங்கி வந்தவர். வெள்ளைச் சேலையின் மடிப்பைப் பின்னால் குத்தி, காலில் கான்வாஸ் ஷூ போட்டு, கழுத்தில் விசிலோடு அவர் தெருவில் நடந்துபோனால், கடைக்காரர்கள் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். சேலைக்கு ஷூ போட்டவள் என்று ஒரு பட்டம் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னைக் கேலி செய்வதைக் குடும்பப் பொறுப்புகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

கேலி முடிந்ததும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துணி காயப்போடுகிற கம்பை என் கையில் கொடுத்து, இதைத் தலைக்கு மேலே தூக்குங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. தூக்கினேன். முதுகு வில்லாக வளைந்திருக்கிறது, மூச்சு தொண்டையில் நிற்கிறது, முழங்கால் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். வெறும் கம்பையே ஒழுங்காகத் தூக்கத் தெரியாதவன் அதில் சக்கரத்தை மாட்டினால் கோணலுக்குக் கனம் சேர்த்தது மாதிரிதான் என்றார். தரையிலிருந்து எடுப்பதற்கு ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்துக் காட்டினார். குடத்தை ஒட்டி வந்து நிற்க வேண்டும், எட்ட நின்று குனிந்தால் குடத்தின் கனம் முதுகில் வந்து உட்காரும், காலால் எழ வேண்டும், எழும்போது மூச்சை விட வேண்டும். அவ்வளவுதான். நான் அதுவரை வாசித்த எந்தப் புத்தகத்திலும் இத்தனை தெளிவான வாக்கியங்களைக் கண்டதில்லை.

அடுத்த சில வாரங்களில் மதினி எனக்கு ஒரு வரிசை அமைத்துக் கொடுத்தார். பன்னிரண்டு பயிற்சிகள். முதலாவது உடம்பைச் சூடேற்ற. பிறகு கால், முதுகு, மார்பு, தோள், கை, வயிறு என்று ஒவ்வொன்றாக. கடைசியில் உடம்பைத் தளர்த்த. பன்னிரண்டையும் சேர்த்து ஒரே வேளையில், லேசான கனத்தில் செய்ய வேண்டும். மறுநாள் தொடக்கூடாது. கடைசித் தடவையும் முதல் தடவை மாதிரியே சுத்தமாக வந்தால்தான் கனத்தைக் கூட்டலாம், அதுவும் கொஞ்சமாக. "துணியைப் பிழியிற மாதிரி ஒடம்பைப் பிழியாதீக. இன்னும் ரெண்டு தடவ முடியும்னு இருக்கும்போதே கீழ வச்சிருங்க. இரும்பு எங்கயும் ஓடிறாது, நாளக்கழிச்சும் அங்கனதான் கெடக்கும்" என்பார். ஓய்வு நாளில் என் கை துறுதுறுத்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "ஒடம்பு வளருறது தூக்கும்போது இல்ல, தூங்கும்போது."

கொட்டகையில் நான் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கம்பியோடு நின்றபோது சிரிக்காதவர்கள் இல்லை. "ஏலே, குடை வாங்க வந்தியா, கம்பி மட்டும் போதுமா?" என்றான் ஒருவன். நாலு மாதத்தில் சிரிப்பு அடங்கியது. அச்சகத்தில் காகிதக் கட்டை நானே எடுத்து ஓரமாக வைத்தேன். பட்டை அடிக்கும் பெண் பார்த்துவிட்டு, இன்னொரு கட்டையும் காட்டினாள். மாஸ்டரே ஒரு நாள் என் தோளைத் தட்டிப் பார்த்து, இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டார். என் மதினி சொல்லிக் கொடுத்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்றவர்களின் தொடைகளையும் லங்கோடுகளையும் பார்த்தேன். "ஒரு இங்கிலீஷ் புத்தகத்துல படிச்சேன் மாஸ்டர்" என்றேன். அமெரிக்கப் புத்தகம் என்று கூடுதலாக ஒரு விவரமும் சேர்த்தேன். பொய்க்குக் கொஞ்சம் சதை இருந்தால்தானே நிற்கும்.

இதோடு நின்றிருந்தால் இதை எழுதவே தேவை இருந்திருக்காது.

அந்த ஆவணி வாக்கில் மதினியின் பள்ளியில் ஒரு பேச்சு கிளம்பியது. பள்ளியின் கரஸ்பாண்டெண்ட் எங்கள் சபையின் போதகர்தான். வீட்டில் அவரை ஐயா என்போம். பெண் பிள்ளைகளுக்குக் குதித்து ஆடுவதற்கு ஒரு டீச்சர் எதற்கு, வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அடுத்த ஜூனிலிருந்து டிரில் வகுப்பை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் தையல் வைப்பது என்றும், மதினி தையல் கற்றுக்கொண்டால் அதே சம்பளத்தில் இருக்கலாம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். மதினிக்கு ஊசியில் நூல் கோக்க வராது. அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொள்வது அண்ணன்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மதினி கேலி எதுவும் பேசவில்லை. "நான் சொன்னா ஐயா கேக்க மாட்டாக. அச்சுல வந்தாத்தான் அவுகளுக்கு வேதம்" என்று மட்டும் சொன்னார்.

அதே மாதம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு ஆர்டர் வந்தது. பயில்வான் மார்க் வெடி போடுகிற கம்பெனி. அவ்வருஷம் முருகன் படத்துக்குப் போட்டி அதிகம், எல்லாக் கம்பெனிக்காரர்களும் முருகனே வேண்டும் என்றார்கள். ஆகவே மார்க்குக்கு ஏற்றபடி பயில்வானையே போட்டு, தேகப்பயிற்சி சொல்லித் தருகிற மாதிரி பன்னிரண்டு தாள் காலண்டர் வேண்டும் என்று அந்தக் கம்பெனி முதலாளி கேட்டார். மானேஜர் என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு தாள், பன்னிரண்டு பயிற்சி. கர்த்தரே கணக்குப் போட்டு அனுப்பியது போல இருந்தது. நான் ஓடி வந்து மதினியிடம் சொன்னேன்: உங்கள் வரிசையை அப்படியே போடுகிறேன், ஒவ்வொரு தாளிலும் உங்கள் பெயர், மிஷன் பள்ளி டிரில் ஆசிரியை என்று வரும், ஐயா வீட்டுச் சுவரிலேயே தொங்கும்.

மதினி உடனே நம்பவில்லை. நம்பியதும் ஒரு தாளில் தன் பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தார். முன்னால் அப்பா இனிஷியலா, அண்ணன் இனிஷியலா என்று அண்ணனோடு ஒரு சின்னச் சண்டை நடந்தது. எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். 'பன்னிரண்டையும் சேர்த்து ஒரே நாளில் செய்க, மறுநாள் ஓய்வு' என்ற வரி எல்லாத் தாளிலும் வர வேண்டும். "அந்த வரி இல்லன்னா மத்தது எல்லாம் வெசம்" என்றார். எழுதி வாங்காத குறையாக என்னிடம் சத்தியம் வாங்கினார்.

புரூஃபைப் பார்க்க முதலாளி நேரில் வந்தார். தாமரைக் குளத்தை மெச்சினார். பிறகு அடிக்குறிப்பில் விரலை வைத்தார். "யாருப்பா இது, பொம்பளப் பேரு? பயில்வானுக்குப் பொம்பள பாடம் சொல்லுதான்னு தெரிஞ்சா நம்ம வெடி நமுத்துப்போகும்" என்றார். மானேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் நான் இத்தனை காலமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்கு ஓய்வு நாளே கிடையாது. அடுத்து விரல் மேலே நகர்ந்தது. "இது என்னது, மறுநாள் ஓய்வு? காலண்டர்ல ஓய்வுன்னு போட்டா லீவுன்னு அர்த்தம். இதக் கம்பெனியில மாட்டி வச்சா எவன் வேலைக்கு வருவான்?" காலண்டர் தொழிலில் ஊறிய எங்கள் மானேஜருக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்த வரி போன இடத்தில் 'தீபாவளி ஆர்டர்களுக்கு முந்துங்கள்' என்று வந்தது. அப்படியானால் இதை எழுதியது யார் என்று முதலாளி கேட்டார். "நான்தாங்க" என்றேன். என் பெயர் பயில்வானுக்குப் பொருத்தமாக இல்லை என்பதால் 'தேகவீரன்' என்று ஒரு புனைபெயரும் அங்கேயே சூட்டப்பட்டது.

அதன் பிறகு நான் செய்ததை எல்லாம் ஒரு முழு மனிதன் செய்ததாக என்னாலேயே நம்ப முடியவில்லை. வரிசையையும் மாற்றினேன். தண்டால் படம்தான் நன்றாக வந்திருக்கிறது என்று அதை ஜனவரிக்குக் கொண்டுவந்தேன். உடம்பைச் சூடேற்றும் முதல் பயிற்சியைக் குளிர்காலத்துக்கு ஏற்றது என்று டிசம்பரில் வைத்தேன். சிவகாசியில் குளிர்காலத்தை யாரும் பார்த்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது என்று மதினியிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, விடுங்க. ஒங்க கையில என்ன இருக்கு" என்றார்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் மதினி ஒரு கைக்குட்டைத் துணியை வைத்துக்கொண்டு ஓரம் அடிக்கப் பழக ஆரம்பித்தார். தரையிலிருந்து குடத்தை ஒரு மூச்சில் எடுக்கிற அந்தக் கை, ஊசியைப் பிடித்ததும் பேச்சு வராத பிள்ளை மாதிரித் திணறியது. விரலில் குத்திக்கொண்டால் சத்தம் போடமாட்டார், விரலை வாயில் வைத்துக்கொள்வார். அவர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிக்க என்னால் முடியவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு அச்சகத்தில் உட்கார்ந்து யாருடைய எமகண்டத்தையோ மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் வந்ததும் வீட்டு ஆணியில் முந்திக்கொண்டு ஒரு பூங்கொத்துக் காலண்டரை மாட்டினேன். ஊரில் மற்ற ஆணிகள் எல்லாம் என் கைக்கு எட்டாதவை.

ஜனவரி பிறந்தது. கொட்டகையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் காலண்டர் ஏறியது. தேகவீரன் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார். அச்சில் வந்த பிறகு அவருடைய 'இன்னொண்ணைப் போடு'கூட அடங்கிவிட்டது. தினமும் தண்டால், தண்டாலைத் தவிர வேறில்லை. பிப்ரவரியில் ஒருவன் பழக்கத்தில் தண்டாலுக்குக் குனிந்தபோது மாஸ்டர் அதட்டினார்: "ஏலே, மாசத்தப் பாருலே." அந்த மாதம் தொடை வலியில் பஸ்ஸிலிருந்து பின்னோக்கி இறங்கும் இளைஞர்களைப் பார்த்துக் கண்டக்டர்கள் குழம்பினார்கள். புதிதாகச் சேருகிறவன் அந்தந்த மாதத்துத் தாளிலிருந்து தொடங்குவான். யார் எப்போது சேர்ந்தவன் என்று உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிற நிலை வந்தது. நான் முன்வரிசையில் நின்று எல்லாவற்றையும் செய்தேன். ஒரே ஒரு வரியைச் சொன்னால் போதும், இத்தனை முட்டிகளும் தோள்களும் தப்பிக்கும். அதைச் சொன்னால், முன்பே ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். பிறகு, உனக்கு யார் சொன்னது என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து கை மடங்காமல், கால் மடங்காமல் திரிந்தேன். வீட்டில் மதினி பார்த்துவிடக் கூடாதே என்று நொண்டாமல் நடப்பதற்கு எடுத்துக்கொண்ட சிரமம்தான் அந்த வருஷம் நான் செய்த நிஜமான தேகப்பயிற்சி.

அந்த ஜனவரியின் கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆசீர்வாதத்துக்காகப் போதகர் ஐயா இரண்டு கைகளையும் உயர்த்தும் நேரம். இடது கை உயர்ந்தது. வலது கை மார்பு வரை வந்து நின்றுவிட்டது. ஐயாவின் முகம் ஒரு தரம் சுருங்கி விரிந்தது. சபையார் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, நான் நிமிர்த்தினேன். எந்த வலி எந்தத் தாளிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். ஐயாவும் ரகசியமாக ஜனவரி செய்துகொண்டிருக்கிறார். இனி டிரில் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது, மதினிக்கு மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையையும் நானே கொன்றுவிட்டேன் என்று புரிந்தது. எனக்குப் பாதி ஆசீர்வாதம் போதும், அதுவும் அதிகம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆனால் ஜூனில் பள்ளி திறந்தபோது மதினி விசிலோடுதான் போனார். டிரில் வகுப்பு அப்படியே இருந்தது. கைக்குட்டையும் ஊசியும் கண்ணில் படவில்லை. ஏன், எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் காலண்டர் பேச்சு வரும். தையல் மிஷின் வாங்கப் பணம் சேரவில்லை போலிருக்கிறது என்று நானே ஒரு காரணத்தைச் செய்து என்னிடமே கொடுத்துக்கொண்டேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆகி விருதுநகருக்கு வந்துவிட்டேன். அன்றைய தேகவீரனுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் ஆகிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் பொதுவாக ஒரு தொப்பை இருக்கிறது. நான் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு தேகப்பயிற்சிக் கூடம் வந்திருக்கிறது. பலகையில் ஒற்றுப்பிழை கிடையாது. புதிதாகச் சேருகிற பையன்கள் என்னிடம் யோசனை கேட்டால், மதினி சொன்னதை மதினியின் பெயரோடுதான் சொல்கிறேன். இப்போது சொல்ல எனக்கு ஒரு செலவும் இல்லை. அதனால் அதில் பெருமைப்படவும் ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மதினி எதிரில் தனியாக உட்காராமல் பார்த்துக்கொண்டேன். அவர் அன்போடு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினால் எனக்கு அன்றைய சிரிப்பு நினைவுக்கு வரும். விஷயம் தெரியாதவருடைய அன்பைச் சாப்பிடுவது சிரமமான காரியம்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து போயிருந்தபோது அண்ணன் கடைக்குப் போய்விட்டார். மதினியும் நானும் பனங்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். தப்பிக்க வழியில்லை, அல்லது தப்பித்து அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்டர் கேன்சல் ஆகவில்லை என்பதை, முதலாளியின் விரலை, அந்தச் சிரிப்பை, 'நான்தாங்க' என்றதை. சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மதினி கிழங்கின் நாரை உரித்துக்கொண்டே கேட்டார்.

ஜனவரி முதல் வாரத்திலேயே அந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பள்ளியில், ஐயாவின் அறையில், ஐயாவின் நாற்காலிக்கு நேர் எதிரே. பன்னிரண்டையும் பார்த்த உடனே தன் வரிசை என்று தெரிந்துவிட்டது. தேகவீரன் யார் என்பதும் தெரிந்துவிட்டது. ஒற்றைக் கை ஆசீர்வாதத்துக்கு மறுநாள் ஐயா அவரைக் கூப்பிட்டு, மிகவும் கூச்சப்பட்டு, கை எழும்பவில்லை, நீங்கள் டிரில் டீச்சர் ஆயிற்றே, ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். என்ன செய்தீர்கள் என்று இவர் கேட்டதற்கு, வாயால் சொல்ல வெட்கப்பட்டு, சுவரைக் காட்டியிருக்கிறார். மதினி அந்தத் தாளைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, சில நாள் கைக்கு முழு ஓய்வு கொடுக்கச் சொன்னார். பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையைக் கொஞ்சங்கொஞ்சமாக மேலே ஏற்றும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்துக்குள் இரண்டு கையும் உயர்ந்துவிட்டது. டிரில் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டியதுதான் என்று ஐயாவே சொல்லி, தையல் பேச்சை முடித்துவிட்டார்.

"எல்லாம் சொகமான பெறகு, அந்தக் காலண்டரக் கையில வச்சுக்கிட்டு ஐயா ஒண்ணு கேட்டாக" என்றார் மதினி. "'யாரும்மா இந்த மடையன், தேகவீரன்? நம்ம ஸ்கூல் ஆளுக யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லையே? இருந்தாச் சொல்லிரு, இன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவேன்'னாக. நான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

நான் மறுபடியும் பெயரைப் பற்றி ஆரம்பித்தேன். உங்கள் பெயரை எடுக்கவிட்டது நான் செய்த பாவங்களிலேயே பெரியது என்றேன். மதினி கிழங்கின் குருத்தை ஒடித்து என் பக்கம் நீட்டினார்.

"போங்க கொழுந்தனாரே. அந்தக் காலண்டர்ல நீங்க செஞ்ச உருப்படியான காரியமே அது ஒண்ணுதான்."